வீட்டுக் கேமரா ரெக்கார்டரின் சத்தமும் சூடும்: நீலகிரியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கரடியும் காட்டெருமையும் வாசல்வரை வந்துபோகும் குன்னூர், கோத்தகிரி, ஊட்டிப் பகுதிகளில் கேமரா வைத்த வீடுகள் பெருகிவிட்டன. கேமரா வெளியே சத்தமில்லாமல் இருக்கிறது. அதன் படங்களைச் சேமிக்கும் ரெக்கார்டரோ கூடத்திலும் படுக்கையறையிலும் இருந்துகொண்டு இரவெல்லாம் இரைகிறது. கேமரா பொருத்தும் வீடுகளிலும் ஹோம்ஸ்டேகளிலும் திரும்பத் திரும்பக் காதில் விழும் சந்தேகங்கள், கேட்டவர்களின் பேச்சிலேயே, எளியதிலிருந்து சிக்கலானது வரை கீழே தொகுக்கப்பட்டுள்ளன.

டப்பாவுக்குள்ள அப்படி என்னதான் இரையுது?

ரெக்கார்டருக்குள் அசையும் பாகங்கள் இரண்டுதான்: ஹார்ட் டிஸ்க், ஃபேன். டிஸ்க் இருபத்துநான்கு மணி நேரமும் நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 சுற்று வேகத்தில் சுழல்வதால் தாழ்ந்த உறுமல் எழுகிறது. ஃபேன் பெரும்பாலும் 40 மில்லிமீட்டர் அகலமே உள்ளது. அவ்வளவு சிறிய இறக்கைகளைக் கொண்டு போதிய காற்றைத் தள்ள நிமிடத்துக்குப் பல ஆயிரம் சுற்று சுழல வேண்டியிருப்பதால் கீச்சென்ற சத்தம் வருகிறது. இவை தவிர அடாப்டரின் மெல்லிய ரீங்காரமும், கோளாறு நேர்ந்தால் அடிக்கும் பீப் ஒலியும் உண்டு.

எது இரைகிறது என்று தெரியாமல் செலவு செய்ய வேண்டாம். ரெக்கார்டர் ஓடும்போது மூடியின் நடுவில் உள்ளங்கையை வைத்து அழுத்துங்கள். சத்தம் மாறினால் தகடு அதிர்கிறது என்று பொருள், மூடியின் திருகுகளை இறுக்கினாலே பாதி தீரும். பிறகு முறைப்படி ஷட் டவுன் செய்து, பெட்டிக்கடியில் மடித்த துண்டொன்றை வைத்து மீண்டும் ஓட விடுங்கள். உறுமல் அடங்கினால் ஷெல்ஃப்தான் காரணம். துண்டு சோதனைக்கு மட்டுமே, அங்கேயே விட்டுவிடக் கூடாது. இரண்டுக்கும் மாறாமல் ஒரே சுருதியில் கேட்கும் கீச்சொலி ஃபேனுடையது.

மேல கை வச்சா சுடுது. பயப்படணுமா?

கையை நம்பாதீர்கள். குளிரில் விறைத்த கைக்கு 40 டிகிரித் தகடுகூடச் சுடுவதுபோல் தோன்றும். மேலும், உள்ளிருக்கும் சூட்டை வெளியேற்றும் வேலையில் மூடிக்கும் பங்கு உண்டு என்பதால், அது வெதுவெதுப்பாக இருப்பது இயல்பே.

பார்க்க வேண்டியது டிஸ்க்கின் வெப்பநிலை. ரெக்கார்டர் மெனுவில் ஹார்ட் டிஸ்க் பகுதிக்குள், டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும் ஸ்மார்ட் என்ற பக்கத்தைத் திறந்தால், 194 என்ற எண்ணுள்ள வரியில் அது இருக்கும். பல மாடல்களில் தனியாகவும் காட்டப்படும். 45 டிகிரிக்குள் இருந்தால் கவலையில்லை. 50 டிகிரியைத் தொட்டால் காற்றோட்டத்தைச் சரிசெய்ய வேண்டும். டிஸ்க் தயாரிப்பாளர்கள் விதிக்கும் மேல்வரம்பு பெரும்பாலும் 60 முதல் 65 டிகிரி வரை இருந்தாலும், அந்த வரம்பின் அருகிலேயே ஆண்டுக்கணக்கில் ஓடும் டிஸ்க் நெடுநாள் உழைக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. மார்ச் முதல் மே வரையான பிற்பகலில் பார்த்த அளவே உங்கள் வீட்டின் உண்மையான அளவு. ஜனவரியில் பார்த்துவிட்டு நிம்மதி அடைவதில் பொருளில்லை.

ஊட்டிக் குளிருக்கு ஃபேன் எதுக்கு? கழட்டிட்டா என்ன?

அறை குளிர்ச்சியாக இருப்பது நமக்குச் சாதகம். ஆனால் ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருப்பதால், அங்குள்ள காற்று கடல் மட்டத்துக் காற்றை விட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அடர்த்தி குறைந்தது. அதே ஃபேன் அதே வேகத்தில் சுழன்றாலும் அள்ளிச் செல்லும் வெப்பம் குறைவு. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், திறந்த இடத்தில் வைத்த ரெக்கார்டருக்குக் குளிரே வெல்கிறது; மூடிய அலமாரிக்குள் வைத்ததற்கு அந்தச் சாதகம் போய்விடுகிறது.

நான்கு கேமராவுக்கான சிறிய டிவிஆர் வகை ரெக்கார்டர்களில் ஃபேனே இல்லாமல் வருபவை பல உண்டு. உங்களுடையதில் ஃபேன் இருந்தால், தயாரித்தவர் ஏதோ கணக்குப் போட்டுத்தான் வைத்திருக்கிறார். கேபிள் வழியாகவே கேமராக்களுக்கு மின்சாரம் கொடுக்கும் பி.ஓ.இ வகை என்விஆரில் (நெட்வொர்க் கேமராக்களுக்கான ரெக்கார்டர்) ஃபேனைக் கழற்றவே கூடாது. மற்றவற்றில், கழற்றுவதை விட நல்ல ஃபேனாக மாற்றுவதே எங்கள் பரிந்துரை. வாரன்டி ஸ்டிக்கர் இன்னும் செல்லுபடியாகும் நிலையில் இருந்தால் பெட்டியைத் திறக்காமல் பொருத்தியவரையே கூப்பிடுங்கள்.

மாத்தறதுன்னா எந்த ஃபேனை வாங்கறது? கடையில பத்து விதம் காட்டறாங்க.

பழைய ஃபேனைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். அகலம், தடிமன், ஸ்டிக்கரில் போட்டிருக்கும் வோல்ட் அளவு, வயர்களின் எண்ணிக்கை ஆகிய நான்கும் ஒத்துப்போக வேண்டும். 40 மில்லிமீட்டர் ஃபேன்களிலேயே 10 மில்லிமீட்டர் தடிமனுள்ளதும் 20 மில்லிமீட்டர் தடிமனுள்ளதும் உண்டு. தடித்தது மெலிந்த பெட்டிக்குள் அடங்காது. மூன்றாவது வயர் இருந்தால் அது சுழற்சி வேகத்தை போர்டுக்குச் சொல்வது; அந்த வயர் இல்லாத ஃபேனை மாட்டினால் சில ரெக்கார்டர்கள் ஃபேன் பழுது என்று கத்தத் தொடங்கும். காற்று வீசும் திசையைக் காட்டும் அம்புக்குறி ஃபேனின் ஓரத்தில் இருக்கும். பழையது எந்தப் பக்கம் வீசியதோ அதே பக்கம் வைக்க வேண்டும். இரும்புத் திருகுக்குப் பதில் ரப்பர் ஊசிகளால் மாட்டினால் அதிர்வு தகட்டுக்கு ஏறாது.

பெட்டியைத் திறக்காமலே ஒரு வழி இருக்கிறது. 80 அல்லது 120 மில்லிமீட்டர் யுஎஸ்பி ஃபேன் ஒன்றை வெளியே, காற்றுத் துளைகளைப் பார்த்து நிறுத்துங்கள். பெரிய இறக்கை மெதுவாகச் சுழன்றே அதே அளவு காற்றைத் தள்ளிவிடும் என்பதால் சத்தம் காதை உறுத்தாது. உள்ளிருக்கும் ஃபேன் சூட்டுக்கேற்ப வேகத்தை மாற்றிக்கொள்ளும் வகையாக இருந்தால், அதுவும் தானாகத் தணிந்துவிடும்.

விடிகாலை கரண்ட் வந்து ஆன் ஆகும்போது மட்டும் கரகரன்னு கத்துது, கொஞ்ச நேரத்துல தானா அடங்கிடுது. விட்டுடலாமா?

உறைபனிக் காலத்தில் இந்தப் புகார் கூடுதலாக வரும். ஃபேனின் அச்சில் இருக்கும் எண்ணெய் குளிரில் கெட்டியாகி, சூடேறியதும் இளகுகிறது. அச்சு ஏற்கெனவே தேய்ந்திருந்தால் இடைப்பட்ட நேரத்தில் இறக்கை தடுமாறிச் சுழல்கிறது. ஃபேனின் பின்புறம் நடுவே உள்ள ஸ்டிக்கரை உரித்துத் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டால் சில வாரம் அடங்கும், பிறகு பழைய கதைதான். கரகரப்பு என்பது ஃபேன் தரும் முன்னறிவிப்பு. நின்றுபோவதற்குள் பால் பேரிங் உள்ள ஒன்றாக மாற்றிவிடுங்கள்.

மர அலமாரிக்குள்ள வச்சுக் கதவைச் சாத்திட்டா தொல்லை விட்டுதுதானே?

சத்தம் குறையும், சூடு சேரும். நான்கு கேமரா ரெக்கார்டரும் ஒரு டிஸ்க்கும் சேர்ந்து பத்து, பதினைந்து வாட் அளவுக்கு இழுக்கும். அது சிறிய விளக்கின் அளவே என்றாலும், வெளியேற வழியில்லாத பெட்டிக்குள் நாள் முழுவதும் எரியும் விளக்கு என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

அலமாரிதான் வேண்டுமென்றால், அடிப்பலகையின் முன்புறத்திலும் பின்பலகையின் மேற்புறத்திலும் உள்ளங்கை அகலத்துக்குத் திறப்புகள் விடுங்கள். சூடான காற்று மேலே ஏறி வெளியேற, குளிர்ந்த காற்று கீழிருந்து தானே உள்ளே வரும். திறப்புகளுக்கு எலி புகாதபடி வலை அடியுங்கள். பெட்டியின் இருபுறமும் நான்கு விரல், பின்புறம் ஒரு சாண் இடைவெளி வேண்டும். அடாப்டரை அலமாரிக்கு வெளியே வைத்தால் உள்ளே சேரும் சூட்டில் ஒரு பகுதி அப்போதே கழிந்துவிடும். கதவைச் சாத்தி ஒரு நாள் ஓட்டியபின், முன்பு சொன்ன 194-ஆம் வரியைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

பஞ்சு, தெர்மாகோல், கம்பளின்னு எதையாவது சுத்தி வைக்கலாமா?

கூடாது. இவை சத்தத்தை விடச் சூட்டைத்தான் நன்றாகத் தடுக்கும். மழைக்காலத்தில் கம்பளி ஈரத்தையும் உறிஞ்சி வைத்துக்கொள்ளும்.

பழைய பங்களா, பலகைத் தரை. மாடியில இருக்கற ரெக்கார்டர் கீழ் ரூம்ல படுத்தா உறுமுது. ஹோம்ஸ்டேக்கு வர்றவங்க புகார் பண்றாங்க.

வெள்ளைக்காரர் காலத்துக் கட்டடங்களில் இது வழக்கம். டிஸ்க் தனியாக எழுப்பும் ஒலி மிகச் சிறியது. அது தகட்டுக்கும், தகட்டிலிருந்து ஷெல்ஃபுக்கும், ஷெல்ஃபிலிருந்து பலகைச் சுவருக்கும் தரைக்கும் ஏறி, வீணையின் குடம்போலக் கட்டடமே அதைப் பெருக்கிக் கொடுக்கிறது. ஆகவே ஒலியை மூட முயல்வது வீண். அதிர்வு ஏறும் பாதையை அறுக்க வேண்டும்.

முதல் அறுப்பு பெட்டிக்கடியில். அதன் நான்கு கால்களுக்கும் கீழே ஒரு விரல் தடிமனுள்ள மெதுவான ரப்பர் துண்டுகளை வையுங்கள். வாஷிங் மெஷின் காலுக்கு விற்கும் ரப்பர் போதும். பெட்டியின் பாரத்தில் ரப்பர் சற்றே அமுங்க வேண்டும். அமுங்காத கெட்டி ரப்பர் அதிர்வை அப்படியே கடத்திவிடும். அடிப்பக்கக் காற்றுத் துளைகளை மறைக்கும் முழுத் தகடான ரப்பர் வேண்டாம்.

இரண்டாவது அறுப்பு உள்ளே. டிஸ்க்கைப் பெட்டியோடு பிணைக்கும் திருகுகளுக்கு இடையே ரப்பர் வாஷர் போடலாம். பழைய கம்ப்யூட்டர் கேபினெட்டுகளில் இவை கிடைக்கும். திருகு முழு அழுத்தத்தில் வாஷரை நசுக்கிவிட்டால் பயனில்லை, தளர்ந்தாலும் டிஸ்க் ஆடும். இரண்டுக்கும் நடுவே நிற்க வேண்டும்.

இவற்றையும் மீறி உறுமல் இருந்தால் இடத்தை மாற்றுவதே வழி. பலகைச் சுவரை விட்டு, கல் அல்லது செங்கல் சுவரில் ஷெல்ஃப் அடியுங்கள். டிவிக்குப் பக்கத்தில்தான் ரெக்கார்டர் இருக்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். மொபைல் ஆப் வழியாகப் பார்ப்பவருக்கு அந்தக் கட்டாயமே இல்லை. விருந்தினர் படுக்கும் அறைக்கு மேலோ பக்கச் சுவரிலோ ரெக்கார்டரை வைக்கவே வேண்டாம்.

பரண்ல தூக்கிப் போட்டுட்டா காதுக்கு எட்டாதே?

காதுக்கு எட்டாது, கண்ணுக்கும் எட்டாது, அதுதான் சிக்கல். தகரக் கூரைக்கு நேர்கீழே இருக்கும் பரணில் உச்சி வெயிலில் வெப்பம் ஏறும். இரவில் தகடு குளிர்ந்து, அதன் அடிப்பக்கத்தில் பனிநீர் கோத்துச் சொட்டும். மரச் சீலிங் போட்டு நன்கு அடைத்த பரண் என்றால் வைக்கலாம்; வெறும் தகடு தெரியும் பரண் என்றால் வேண்டாம். கணப்பு அடுப்பின் புகைக்கூண்டை ஒட்டிய சுவர், கீசர் உள்ள குளியலறைக்கு வெளிப்புறம், விறகடுப்புச் சமையலறை ஆகியவையும் அப்படியே விலக்கத்தக்கவை. மாடிப்படிக்குக் கீழே உள்ள இடம் பெரும்பாலான வீடுகளில் நன்றாக அமைகிறது.

ராத்திரி தூங்கும்போது மட்டும் ஆஃப் பண்ணி வச்சா ரெண்டும் குறையுமே?

கரடி வருவது இரவில்தான் என்பதை ஒருபுறம் வைப்போம். மலையில் ரெக்கார்டரைக் கொல்வது பெரும்பாலும் சூடன்று, ஈரம். ஓடிக்கொண்டிருக்கும் பெட்டியின் உட்புறம் அறையை விடச் சில டிகிரி கூடுதலாகவே இருப்பதால் அங்கே நீர் படிவதில்லை. அணைத்துவிட்டால் தகடும் போர்டும் அறையோடு சேர்ந்து குளிர்கின்றன. காலையில் வெந்நீர் கொதித்து, ஆட்கள் நடமாடி, ஈரக்காற்று சூடாகிப் பரவும்போது, குளிர்ந்த உலோகத்தின் மேல் கண்ணாடியில் படிவதுபோல் நீர் படிகிறது. அந்த நேரத்தில் சுவிட்சைப் போடுவதுதான் ஆபத்து. பச்சை பூத்த இணைப்பு ஊசிகளோடு பழுதுக்கு வரும் போர்டுகளில் கணிசமானவை அடிக்கடி அணைத்து ஏற்றப்பட்டவையே.

ஆகவே இங்கே ரெக்கார்டரின் மிதமான சூடு வேண்டியதொன்று. அதை முழுவதும் ஒழிக்கப் பார்க்காமல் 30 முதல் 40 டிகிரிக்குள் வைத்திருந்தால் போதும். பல மாதம் பூட்டிக் கிடந்த வீட்டைத் திறக்கிறீர்கள் என்றால், முதலில் அறையைச் சூடேற்றி, இரண்டு மூன்று மணி நேரம் காய விட்டு, அதன்பின் ரெக்கார்டரை இயக்குங்கள்.

மோஷன் ரெக்கார்டிங் போட்டா டிஸ்க் சுத்தறதே நின்னுடும்னு சொல்றாங்களே, நிஜமா?

அசைவு தெரியும்போது மட்டும் பதிவதே மோஷன் ரெக்கார்டிங். பெரும்பாலான ரெக்கார்டர்களில் அதனால் டிஸ்க் நிற்பதில்லை. பதிவு நடக்காத நேரத்திலும் டிஸ்க் சுழன்றபடியே காத்திருக்கும்; எழுதும் ‘கிடுகிடு’ ஒலி மட்டுமே குறையும். சில மாடல்களில் டிஸ்க்கை உறங்கவைக்கும் வசதி இருந்தாலும், நான்கைந்து கேமராக்களில் ஏதோ ஒன்று அடிக்கடி எழுப்பிக்கொண்டே இருப்பதால் பயன் குறைவு; நின்று நின்று சுழல்வது டிஸ்க்குக்கும் நல்லதில்லை.

இங்குள்ள நிலைமை வேறு. தவழும் மூடுபனியும் காற்றில் ஆடும் சில்வர் ஓக் கிளைகளும் மோஷன் என்றே பதிவாகும். இரவில் கேமராவின் அகச்சிவப்பு ஒளியில் லென்ஸுக்கு முன் தொங்கும் ஒற்றைச் சிலந்தி இழை வெள்ளைக் கயிறாக மின்னி, விடியும்வரை பதிவை ஓட்டும். வாரம் ஒருமுறை ஒட்டடை அடித்தாலே டிஸ்க்குக்கு வேலை குறையும். இதற்கு மாற்றாக, மனிதர், வாகனம் மட்டும் என்று வடிகட்டினால் காட்டெருமையும் சிறுத்தையும் பதிவாகாமல் போகலாம். கேமராவை எதற்காக வைத்தீர்கள் என்பதை யோசித்து அமைத்துக்கொள்ளுங்கள்.

எஸ்எஸ்டி போட்டுட்டா சத்தமே இருக்காதாமே?

உண்மைதான். எஸ்எஸ்டி சிப்பில் சேமிக்கும் வகை; சுழலும் பாகம் இல்லாததால் டிஸ்க் உறுமல் அறவே போகும், சூடும் குறையும். கேள்வி அது எத்தனை நாள் தாங்கும் என்பதே. நான்கு கேமரா, ஒவ்வொன்றும் 4 எம்.பி.பி.எஸ் (விநாடிக்கு 4 மெகாபிட்; 8 பிட் சேர்ந்தது ஒரு பைட்) வேகத்தில் இடைவிடாமல் பதிந்தால் விநாடிக்கு 2 எம்.பி., ஒரு நாளைக்கு ஏறக்குறைய 173 ஜி.பி., ஆண்டுக்குச் சுமார் 63 டி.பி. எழுதப்படும். மொத்தம் 80 டி.பி. வரை எழுதலாம் என்று உத்தரவாதம் தரும் 240 ஜி.பி. எஸ்எஸ்டி ஓராண்டைச் சற்றே தாண்டும். அதில் ஒன்றரை நாள் பதிவுகூட நிற்காது. 1 டி.பி. எஸ்எஸ்டியில் ஆறு நாள் பதிவு நிற்கும், 300 டி.பி. உத்தரவாதம் என்றால் நான்கே முக்கால் ஆண்டு. படத்தை இன்னும் சுருக்கிச் சேமிக்கும் எச்.265 முறைக்கு மாற்றினால் இதே தரத்துக்கு எழுதப்படும் அளவு கணிசமாகக் குறையும்.

எனவே படுக்கையறைக்குள்ளேயே ரெக்கார்டரை வைத்தாக வேண்டிய சிறிய வீட்டுக்கு, ஐந்தாறு நாள் பதிவு போதுமென்றால், 1 டி.பி. எஸ்எஸ்டி சரியான தேர்வே. ஒரு மாதப் பதிவு வேண்டுவோருக்குக் கட்டுப்படியாகாது. அவர்கள் டபிள்யூ.டி. பர்ப்பிள், சீகேட் ஸ்கைஹாக் போன்ற கண்காணிப்புக்கான டிஸ்க்குகளில் 5,400 சுற்று வகையை வாங்கட்டும். கம்ப்யூட்டரிலிருந்து கழற்றிய 7,200 சுற்று டிஸ்க்கை மாட்டியதுதான் பல வீடுகளின் சத்தத்துக்கும் சூட்டுக்கும் மூலம். வாங்குமுன் உங்கள் மாடலுக்கு ஏற்றவை எவை என்ற பட்டியலைப் பாருங்கள்.

எட்டு கேமரா பி.ஓ.இ என்விஆர் சார். ராத்திரி ஆனா இன்னும் அதிகமா கத்துது.

இருட்டியதும் எட்டு கேமராக்களின் அகச்சிவப்பு விளக்குகளும் எரிகின்றன. அதற்கான மின்சாரம் முழுவதும் என்விஆர் வழியாகவே போகிறது. கேமராவுக்கு ஐந்தாறு வாட் என்றால் மொத்தம் 40 வாட்டுக்கு மேல். அதை மாற்றிக் கொடுப்பதில் ஒரு பங்கு பெட்டிக்குள்ளேயே சூடாக நிற்க, ஃபேன் வேகமெடுக்கிறது.

மின்சாரம் கொடுக்கும் வேலையை வெளியே தள்ளுவதே நிலையான தீர்வு. ஃபேன் இல்லாத பி.ஓ.இ சுவிட்ச் ஒன்றை வேறு அறையில் வைத்து, கேமராக்களை அதில் இணைத்து, அங்கிருந்து ஒரே கேபிளை என்விஆரின் லேன் துளைக்குக் கொண்டுவாருங்கள். சொருகியதும் தானாகக் கேமராவைக் கண்டுகொள்ளும் வசதி இதனால் பெரும்பாலும் போய்விடும். ஒவ்வொரு கேமராவுக்கும் ஐ.பி. எண் கொடுத்துக் கையால் சேர்க்க வேண்டியிருக்கும். தெரிந்தவரை வைத்துச் செய்தால் அரைநாள் வேலை.

கரண்ட் போய் வந்தா பீப் பீப்னு அடிச்சுக்கிட்டே இருக்கு. அதை நிறுத்த முடியாதா?

முடியும். மெனுவில் எக்செப்ஷன் என்ற பக்கத்தில் ஒவ்வொரு கோளாறுக்கும் எதிரே பஸர் என்று குறியிடும் கட்டம் இருக்கும். நெட் இணைப்பு அறுந்தது, கேமரா படம் வரவில்லை ஆகிய இரண்டுக்கும் குறியை எடுத்துவிடலாம். கரண்ட் வந்தபின் ரவுட்டர் எழும்வரை அடிப்பது பெரும்பாலும் இதுவே. டிஸ்க் பழுது, டிஸ்க் இல்லை என்பவற்றுக்கான பஸரை மட்டும் அணைக்காதீர்கள்.

இன்வெர்ட்டரில் ஓடும்போது அடாப்டர் ‘உம்’ என்று இரைகிறதென்றால், அது ஸ்கொயர் வேவ் வகை இன்வெர்ட்டராக இருக்கும். சைன் வேவ் வகைக்கு மாறினால் நிற்கும்.

7,000 அடிக்கு மேல ஹார்ட் டிஸ்க்கே சரியா ஓடாதாமே? அதனாலதான் சத்தமா?

இதில் பாதி உண்மை இருக்கிறது. டிஸ்க்கின் தட்டு சுழலும்போது எழும் காற்றுப் படலத்தின் மேல்தான் படிக்கும் முனை மிதக்கிறது. காற்று மெலிந்தால் அந்தப் படலமும் மெலிகிறது. அதனால்தான் தயாரிப்பாளர்கள் இயங்கும் உயரத்துக்கு ஒரு வரம்பு குறிக்கிறார்கள். அது வழக்கமாக 3,000 மீட்டரை ஒட்டி இருக்கும். நீலகிரியின் மிக உயர்ந்த இடமான தொட்டபெட்டாவே 2,637 மீட்டர்தான் என்பதால், இந்த மாவட்டத்தின் எந்த வீடும் வரம்புக்குள்ளேயே வருகிறது. ஹீலியம் நிரப்பி அடைத்த பெரிய கொள்ளளவு டிஸ்க்குகளின் உட்புறத்துக்கு வெளிக்காற்றோடு தொடர்பே இல்லை.

எனவே சத்தத்துக்கு உயரம் காரணமில்லை. ‘டக், டக்’ என்று ஒரே இடைவெளியில் அடித்துக்கொண்டு, இடையிடையே பதிவும் அறுபடுகிறது என்றால் முனை பழுதாகி வருகிறது. வேண்டிய பதிவுகளை அன்றைக்கே பென் டிரைவில் எடுத்துவிட்டு டிஸ்க்கை மாற்றுங்கள். அந்தச் சத்தத்துக்கு ரப்பரும் ஃபேனும் உதவாது.